வெண்டல் அண்ணையின் கல்வெட்டு

கல்வெட்டு என்றால் நம் ஊரில் தொல்லியல் துறைதான் ஞாபகத்துக்கு வரும். யாழ்ப்பாணத்தாருக்கு அது ஒரு புத்தகம். வீட்டில் ஒருவர் செத்த முப்பத்தோராம் நாள், அவருடைய வண்ணப்படம், வாழ்க்கை வரலாறு, தேவாரம், பேரப்பிள்ளைகள் பட்டியல், கண்ணீர்க் கவிதைகள் எல்லாவற்றையும் வழவழத் தாளில் அச்சிட்டு, சாப்பிட வந்தவர் கையில் ஆளுக்கொன்று கொடுத்தனுப்புவார்கள். அப்படி இருநூறு கல்வெட்டுகளை இரண்டு அட்டைப்பெட்டியில் கட்டி, ஏப்ரல் மாதத்துச் சேற்றுப் பனியில், டொராண்டோவிலிருந்து மொன்ட்ரியாலுக்குப் பேருந்தில் கொண்டுபோன புண்ணியவான் நான். செத்தவர் யாழ்ப்பாணத்தார் இல்லை. தமிழரே இல்லை. வெண்டல் ப்ரூக்கர் என்ற அமெரிக்கர். பத்திரிகை ஆசிரியர், கவிஞர்.

நான் சென்னையில் ஒரு நாளிதழில் முப்பத்து நாலு வருஷம் உதவியாசிரியராகக் குப்பை கொட்டியவன். அடுத்தவர் எழுதியதில் தப்புக் கண்டுபிடிப்பது என் பிழைப்பு. வீட்டிலும் அதையே செய்து நல்ல பேர் வாங்கியிருக்கிறேன். முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் திருவல்லிக்கேணிப் பழைய புத்தகக் கடையில் ஓர் அமெரிக்கப் பத்திரிகை கிடைத்தது. அதில் வெண்டலின் கவிதை. ஒரு பத்திரிகை ஆசிரியரின் மகள் குடித்துவிட்டு வண்டி ஓட்டிக் கைதாகிறாள். ஊரில் யார் கைதானாலும் பெயரைப் போடுவது பத்திரிகையின் வழக்கம். தந்தை மகளின் பெயரை எழுத்தெழுத்தாக அச்சுக்கோக்கிறார். கண்ணீர் ஈய எழுத்தின் மேல் விழுகிறது, கை மட்டும் நடுங்கவில்லை. படித்துவிட்டுக் கடைவாசலிலேயே நின்று இன்னொரு முறை படித்தேன்.

உடனே மொழிபெயர்த்து ஒரு சிற்றிதழில் போட்டேன். அனுமதி கேட்கவில்லை. சிற்றிதழ் உலகில் அனுமதி கேட்பது கௌரவக் குறைச்சல். பிரதி ஒன்றை அவருக்கு அனுப்பினேன். பதில் எட்டுப் பக்கம் வந்தது. என்னை மொழிபெயர்த்த முதல் மனிதர் நீங்கள் என்று எழுதியிருந்தார். கடைசிவரை இரண்டாவது மனிதர் வரவில்லை. ஆனால் எனக்கு அது போதுமானதாக இருந்தது. "நியூயார்க் பத்திரிகை ஆசிரியர் என் நண்பர்" என்று சொல்லிக்கொண்டு கட்டுரை எழுதினேன், கூட்டங்களில் பேசினேன், இரண்டு பொன்னாடை வாங்கினேன். நியூயார்க் என்றது மாநிலத்தை. அவருடைய ஊர் அந்த மாநிலத்தின் வடமூலையில், கனடா எல்லையோரம் இருந்த ஒரு பட்டிக்காடு. களியக்காவிளைக்காரரை மவுண்ட்ரோடு ஆசாமி என்று சொன்ன மாதிரி. அவருடைய பத்திரிகை நாலு பக்க வார இதழ், அதில் இரண்டு பக்கம் டிராக்டர் விளம்பரம். கைதட்டல் விழுந்த பிறகு இதையெல்லாம் யார் விளக்கிக்கொண்டிருப்பார்கள்?

பத்திரிகை மூடியதும் வெண்டல் எல்லை தாண்டி மொன்ட்ரியாலுக்கு வந்துவிட்டார். அவருடைய அம்மா கனடாக்காரி என்பதால் காகிதச் சிக்கல் இல்லை. நகரத்தின் மேற்கோரத்தில் ரொக்ஸ்பரோ. அங்கே குகதாசன், தவமணி என்ற யாழ்ப்பாணத் தம்பதியின் வீட்டு நிலவறையில் பன்னிரண்டு வருஷம் வாடகைக்கு இருந்தார். அவர்கள் போன செத்தவீட்டுக்கெல்லாம் இவரும் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு போவாராம். செத்த ஒவ்வொருவருக்கும் செய்யுளும் வரலாறும் அச்சடிக்கும் ஜாதியை அவர் அதற்குமுன் கண்டதில்லை. "நான் போனால் எனக்கும் இது ஒன்று போடுங்கள்" என்று தவமணியிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார்.

அவர் போனபோது நான் டொராண்டோவில், ஓர் இலக்கிய விழாவில் எட்டாவது பேச்சாளர். எனக்கு நாலு நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். தவமணி எப்படியோ எண்ணைத் தேடிப்பிடித்துக் கூப்பிட்டார்.

"அண்ணை, நீங்கள்தானே அவரைப் பற்றி எழுதினனீங்கள்? அவற்ற வரலாற்றை நீங்களே எழுதித் தாங்கோ. அங்கை அச்சடிச்சு, வரேக்கை கையோட கொண்டு வாங்கோ."

ஒரே மூச்சில் எழுதினேன். டொராண்டோவில் கல்வெட்டுக்கென்றே ஓர் அச்சகக்காரர் இருந்தார். அவர் என் முதல் வாக்கியத்தை அடித்துவிட்டு, "நியூயோர்க் மாநிலத்தைப் பிறப்பிடமாகவும், மொன்ட்ரியால் ரொக்ஸ்பரோவை வதிவிடமாகவும் கொண்ட வெண்டல் ப்ரூக்கர் அவர்கள்" என்று தானே தொடங்கினார். பிறப்பிடம் வதிவிடம் இல்லாமல் கல்வெட்டு இல்லை என்று அடித்துச் சொல்லிவிட்டார். பூர்வீகம் எந்தக் கோயிலடி என்றும் கேட்டார். ஏழாம் பக்கத்து வாக்கியத்தில் மட்டும் நான் கைவைக்க விடவில்லை. "சொந்த மகளே குடிபோதையில் வண்டி ஓட்டிக் கைதானபோது, அந்த நோராவின் பெயரையும் முதல் பக்கத்தில் அச்சேற்றிய அறத்தின் நாயகன்." தடித்த எழுத்தில், கட்டம் கட்டிப் போடச் சொன்னேன். அச்சகக்காரரே "நல்லாயிருக்கு அண்ணை" என்றார்.

பேருந்தில் என் பக்கத்தில் ஒரு மொன்ட்ரியால் பெண்மணி உட்கார்ந்தார். பெட்டியில் என்ன என்று கேட்டார். ஒரு கவிஞரின் வாழ்க்கை என்றேன். முகம் மலர்ந்தது. "பிரெஞ்சில் எழுதினாரா?" இல்லை, ஆங்கிலம், இது தமிழ் என்றேன். மலர்ந்த முகம் ஜன்னல் பக்கம் திரும்பியது. ஆறரை மணி நேரமும் ஜன்னல் பக்கமே இருந்தது. எனக்கு அதில் வருத்தமில்லை. வேற்றுமொழிக் கவிஞர் என்றால் நம்மூர்ப் பேருந்தில் நானும் அப்படித்தான் திரும்பியிருப்பேன்.

பேருந்து நிலையத்தில் குகதாசன் காத்திருப்பதாக ஏற்பாடு. ஆள் இல்லை. ஃபோனில் பிடித்தேன். "அண்ணை, கோன் போட்டு அடைச்சுப்போட்டாங்கள். சுத்தி வாறன்" என்றார். மொன்ட்ரியாலில் தெருவைத் தோண்டும்போது ஆரஞ்சு நிறக் கூம்புகளை வைக்கிறார்கள். தோண்டாதபோது வெறும் கூம்புகளை வைக்கிறார்கள். மனிதர்கள் கொஞ்சம், கூம்புகள் அதிகம். நம்மூரில் பள்ளம் இருக்கும், எச்சரிக்கை இருக்காது. இங்கே எச்சரிக்கை இருக்கிறது, பள்ளத்தைத்தான் தேட வேண்டியிருக்கிறது. முக்கால் மணி நேரம் வெளியே பெட்டிகளின் மேல் உட்கார்ந்திருந்தேன். அடிப்பெட்டி பனிச்சேற்றில் ஊறி ஒரு மூலை நெகிழ்ந்துவிட்டது.

குகதாசன் அறுபது தாண்டியவர், குள்ளம், பேச்சு நிற்காது. குளிரில் நடுங்குகிறேன் என்று வழியில் ஒரு கடையில் நிறுத்தி பூட்டீன் வாங்கித் தந்தார். உருளைக்கிழங்கு வறுவலை மொறுமொறுவென்று பொரிக்கிறார்கள். அதன்மேல் குழம்பைக் கொட்டி அந்த மொறுமொறுப்பைக் கொல்கிறார்கள். பிறகு பச்சைப் பாலாடைக்கட்டித் துண்டுகளைப் போட்டு அடக்கம் செய்கிறார்கள். இந்த ஊரின் பெருமைக்குரிய பண்டமாம். வெண்டலுக்கு உயிராம். நாலு வாய் தின்றபின் எனக்கும் பிடித்துப்போனது என்பதை மானத்தை விட்டுச் சொல்கிறேன்.

வீட்டில் தவமணி புட்டும் கத்தரிக்காய்ப் பால்கறியும் சம்பலும் வைத்திருந்தார். கல்வெட்டை வாங்கி வெண்டலின் படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் பிரித்தார். முதல் பக்கத்தில் வெண்டல், வெள்ளைத் தாடியும் கறுப்புக் கோட்டுமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"வடிவா வந்திருக்கு அண்ணை. மனிசன் இருந்திருந்தா துள்ளியிருப்பார்."

"மகளுக்குச் சொன்னீங்களாம்மா?" என்று கேட்டேன்.

"அவற்ற டயறியில நம்பர் கிடந்துது. எடுத்துக் கதைச்சனான். வரேல்லை எண்டிட்டா. ஏனெண்டு கேட்டன், போனை வச்சிட்டா."

அப்பா உத்தமராக இருந்தால் பிள்ளைகளுக்குக் கஷ்டம்தான் என்று ஒரு தத்துவத்தை உதிர்த்துவிட்டு, இன்னொரு கரண்டி பால்கறி போட்டுக்கொண்டேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு மகள் வந்து நின்றார். ஐம்பது வயதிருக்கும். கையைக் கோட்டுப் பைக்குள்ளிருந்து எடுக்கவே இல்லை. சடங்குக்கு வரவில்லை, அப்பாவின் சாமான்களை அள்ளிக்கொண்டு போக வந்தேன் என்றார். தவமணி அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. "வாங்கோ பிள்ளை, சப்பாத்தைக் கழட்டிப்போட்டு உள்ளுக்கு வாங்கோ" என்று தமிழிலேயே சொல்லி, கையைப் பிடித்து இழுத்துவந்து, சாப்பாட்டு மேசையில் உட்கார்த்தி, புட்டு வைத்துவிட்டார். நோரா மறுக்க வாயெடுப்பதற்குள் சம்பலும் விழுந்துவிட்டது. யாழ்ப்பாண வீட்டில் பசிக்கவில்லை என்று சொல்ல வாய்ப்பே தரமாட்டார்கள்.

மேசையில் கல்வெட்டு கிடந்தது. அப்பாவின் படத்தைப் பார்த்துவிட்டு, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். எனக்கு இதைவிட என்ன வேண்டும்? மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஏழாம் பக்கத்தைத் திறந்தேன். கட்டம் கட்டிய வாக்கியத்தை, சபையில் பேசும் குரலில், ஆங்கிலத்தில் பெயர்த்துச் சொன்னேன். மகள் அழுவாள், நானும் கொஞ்சம் அழலாம் என்ற ஏற்பாட்டோடு இருந்தேன்.

நோரா கையிலிருந்த புட்டைத் தட்டில் திரும்ப வைத்தார்.

"நான் ஓட்டவில்லை" என்றார்.

ஓட்டியது அவருடைய தோழி. வண்டி ஒரு தபால்பெட்டியில் மோதியதும் தோழி ஓடிவிட்டாள். பக்கத்து இருக்கையில் இருந்த நோராவை, பத்தொன்பது வயது, போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. இரண்டு வாரத்தில் தோழியே வந்து ஒப்புக்கொண்டாள். நீதிமன்றம் நோராவைக் குற்றமில்லை என்று விட்டுவிட்டது. கைது முதல் பக்கத்தில் வந்தது. விடுதலை எந்தப் பக்கத்திலும் வரவில்லை.

"ஏன்?" என்றேன்.

"முதல் வாரம் இடமில்லை என்றார். அடுத்த வாரம் பழைய செய்தி என்றார். நான் கேட்டது இரண்டு வரி. அதற்குள் அந்தக் கவிதை ஏதோ ஒரு பத்திரிகையில் வந்துவிட்டது. நேர்மையான ஆசிரியர் என்று எங்கெங்கிருந்தோ கடிதம் வந்தது. இந்தியாவிலிருந்துகூட ஒன்று. சுவரில் மாட்டிவைத்திருந்தார்."

அந்த இந்தியக் கடிதத்தை எழுதியவன் எதிரில்தான் புட்டு தின்றுகொண்டிருக்கிறான் என்று அவருக்குத் தெரியாது. தண்ணீர் குடித்துவிட்டு, ஏதாவது கேட்க வேண்டுமே என்று, "அச்சுக்கோக்கும்போது அழுதாராமே?" என்று கேட்டேன். சில கேள்விகளை வாய் தானாகவே கேட்டுவிடுகிறது.

"அச்சுக்கோப்பா? எங்களிடம் கம்ப்யூட்டர் இருந்தது. புதன்கிழமை தட்டச்சு வேலை என்னுடையது. அந்தச் செய்தியையும் நான்தான் அடித்தேன். பின்னால் வந்து நின்று, வயது பத்தொன்பதுதானே, சரிபார்த்துக்கொள் என்றார்."

அந்த இலையுதிர்காலத்தில் அவர் தாதிப் படிப்பில் சேரவேண்டியது. பத்திரிகையைப் பார்த்துவிட்டுக் கல்லூரி இடத்தை மறுத்துவிட்டதாம். ஊரைவிட்டுப் போனவர் அப்பாவோடு அதற்குப்பின் பேசவில்லை. இப்போது பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். இருபத்தாறு வருஷத்தில் ஒரு கீறல் இல்லை. வேலை மாறும்போதெல்லாம் யாராவது ஒருவர் அந்தப் பழைய செய்தியைக் கிளறுவாராம், இவர் உட்கார்ந்து விளக்குவாராம். எப்போதும் இதே குரலில் சொல்லிச் சொல்லி, ஒப்பிப்பது மாதிரி ஆகிவிட்டிருந்தது அந்தக் கதை.

அப்போதாவது நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். தொழில் புத்தி விடவில்லை. "இதற்கு ஆதாரம் ஏதாவது..." என்று இழுத்தேன். தவமணி என்னைப் பார்த்த பார்வையில் பால்கறியே திரிந்திருக்கும்.

நோரா கோபப்படவில்லை. விரலால் தரையைக் காட்டினார். "கீழே இருக்கும். அவர் எந்தக் காகிதத்தையும் தூக்கி எறிகிறவர் இல்லை."

நிலவறைக்கு இறங்கினோம். ஒரு கட்டில், ஒரு மேசை, சுவர் முழுக்கக் காகிதப் பெட்டிகள். சுவரில் சட்டம் போட்டு என் கடிதம். நோராவின் பெயரெழுதிய கோப்பு பத்து நிமிடத்தில் கிடைத்தது. உள்ளே நீதிமன்றத் தாளின் பிரதி. திருத்தம் கேட்டு நோரா எழுதிய மூன்று கடிதங்கள். மூன்றின் தலையிலும் தேதியோடு "பெறப்பட்டது" என்ற முத்திரை. நல்ல ஆசிரியர் அல்லவா, அலுவலக ஒழுங்கு தவறவில்லை. அவற்றுக்கு அடியில் அந்தக் கவிதையின் வரைவுகள், எண்ணினேன், பதினாலு. ஒவ்வொன்றிலும் ஒரு சொல் அடித்து வேறு சொல் போட்டிருந்தார். பதினாலாவதில்தான் கண்ணீர் ஈய எழுத்தின் மேல் விழுந்திருந்தது. அந்த இரண்டு வரித் திருத்தத்துக்கு ஒரு வரைவுகூட இல்லை.

அயோக்கியன் என்று வாய்விட்டே சொன்னேன். சொன்ன வாய் மூடுவதற்குள் எங்கள் அலுவலகத்துக்கு வந்த ஒரு பெரியவர் ஞாபகம் வந்து தொலைத்தார். கூட்டுறவு வங்கி மோசடிச் செய்தியில் அவர் படத்தைத் தவறாகப் போட்டுவிட்டோம். பதினோரு நாள் நடந்தார். ஒவ்வொரு நாளும் டீ வாங்கிக் கொடுத்து, "பார்க்கலாம் சார்" என்று அனுப்பினேன். தமிழில் "பார்க்கலாம்" என்றால் என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். பன்னிரண்டாம் நாள் அவர் வரவில்லை. எனக்கு அப்பாடா என்று இருந்தது. இப்போது அந்த நிலவறையில் வெட்கமாக இருந்தது.

மேலே வந்தபோது குகதாசன் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். "நாளைக்கு முப்பத்தொண்டு. இனி என்ன செய்யிறது? இதை விடுங்கோ அண்ணை. கல்வெட்டை ஆர் வாசிக்கினம்? படத்தைப் பாப்பினம். நன்றியுரையில தங்கட பேர் கிடக்கோ எண்டு பாப்பினம். அவ்வளவுதான்."

"விசர்க்கதை கதையாதேங்கோ" என்றார் தவமணி. "பன்ரண்டு வருசம் என்ர கையால சோறு திண்ட மனிசன். அவற்ற பொய் என்ர வீட்டு வாசலால வெளியில போகக்கூடாது. இந்தப் பிள்ளையைப் பாத்தும் இப்பிடிச் சொல்லுறியளே?"

"அப்ப கொளுத்துறதோ? பேந்து வாற சனத்துக்கு எதைக் குடுக்கிறது? கல்வெட்டு வேணுமெண்டு மனிசன் சத்தியம் வாங்கினதெல்லோ?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். வாழ்நாளில் முதல்முறையாக என் உத்தியோகம் ஒரு வீட்டுக்குத் தேவைப்பட்டது. "பிழைதிருத்தம் போடலாம்மா" என்றேன். தமிழ்ப் புத்தகம் வாங்கிப் பழகியவர்களுக்குத் தெரியும். புத்தகத்தை அவசரமாக அச்சடித்துவிட்டு, பிறகு துண்டுச்சீட்டில் பிழைதிருத்தம் அடித்து உள்ளே ஒட்டுவது நம் பதிப்புலகின் தொன்மையான கலை. திருத்தத்திலேயே பிழை வந்து, அதற்கு இன்னொரு சீட்டு ஒட்டிய புத்தகமும் என்னிடம் இருக்கிறது.

எழுத உட்கார்ந்தேன். வாழ்க்கை வரலாற்றை ஒரே மூச்சில் எழுதியவனுக்கு இந்தச் சீட்டை எழுத ஒன்றரை மணி நேரம் ஆனது. கடைசியில் வந்தது இவ்வளவுதான்: "திருத்தம்: ஏழாம் பக்கச் செய்தி தவறு. அன்று வண்டி ஓட்டியவர் நோரா அல்லர். நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என விடுவித்தது. தாமதத்துக்கு வருந்துகிறோம்." கீழே அதையே ஆங்கிலத்திலும் எழுதினேன். நோரா ஆங்கிலத்தைப் படித்துவிட்டு, "நீதிமன்றம்" என்ற சொல்லைத் தொட்டுப் பார்த்தார்.

நகலெடுக்கக் குகதாசனோடு மூலைக்கடைக்கு நடந்தேன். இங்கே மூலைக்கடைக்குத் தெப்பனர் என்று பெயர். பால், பியர், லாட்டரிச் சீட்டு, நகலெடுக்கும் இயந்திரம் எல்லாம் ஒரே வரிசையில் இருந்தன. இயந்திரம் நாலாவது தாளைத் தின்றுவிட்டு நின்றது. கடைக்காரர் ஒரு பக்கம் கதவைத் திறந்து, கையை விட்டு, தாளைப் பிரசவம் பார்த்து வெளியே எடுத்தார். எடுத்த தாளைச் சும்மா தராமல் நின்று படித்தார். "அப்போது அந்தப் பெண் ஓட்டவில்லை" என்றார். இல்லை என்றேன். "நல்லது" என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டு, மீதியையும் அவரே எடுத்துத் தந்தார். திரும்பும் வழியில் குகதாசன் தாள்களைக் கோட்டுக்குள் வைத்து, நனையாமல் பிடித்துக்கொண்டு வந்தார்.

வீட்டில் பசைக்குச்சி ஒன்றுதான் இருந்தது. நாற்பது சீட்டோடு தீர்ந்தது. தவமணி சட்டியிலிருந்து ஒரு பிடி சோற்றை அள்ளிக் குழைத்து மேசையில் வைத்தார். "இதைவிட நல்ல பசை எங்கை கிடக்கு?" எங்கே ஒட்டுவது என்பதில் மறுபடி சண்டை. கடைசிப் பக்கத்தில் ஒட்டினால் கண்ணை உறுத்தாது என்றார் குகதாசன். உள்ளே ஒரு மூலை போதும், பத்திரிகையில் திருத்தம் அங்கேதானே போடுவார்கள் என்றார் நோரா.

"அவற்ற பேப்பரில குற்றம் சொன்னது எந்தப் பக்கத்தில?" என்று கேட்டார் தவமணி.

"முதல் பக்கத்தில்" என்றேன்.

"அப்ப அங்கைதான் ஒட்டவேணும்."

அப்படியே முதல் பக்கத்தில், வெண்டலின் சிரிப்புக்கு நேர் கீழே ஒட்டினோம். நான் கத்தரிக்கோலால் வெட்ட, தவமணி பசை தடவ, குகதாசன் பக்கம் திருப்பிப் பிடிக்க, நோரா ஒட்டினார். ஒவ்வொன்றையும் உள்ளங்கையால் ஒருமுறை அழுத்தி நீவினார். இருநூறையும் அவரேதான் ஒட்டினார். சாமான் அள்ள வந்தவர் அன்று போகவில்லை.

முப்பத்தோராம் நாள் எண்பது பேர் வந்தார்கள். மொன்ட்ரியால்-நோரிலிருந்து, டொலார்ட்-டெஸ்-ஓர்மோவிலிருந்து, எங்கிருந்தெல்லாமோ. கதவடியில் சப்பாத்துகள் குவிந்து படியை மறைத்தன. படத்துக்கு முன்னால் வாழையிலையில் சோறு, பருப்பு, வடை, பால்கறி எல்லாம் படைத்தார்கள். போனவருக்குப் பிடித்ததையும் வைக்கவேண்டும் என்பது முறை. எனவே ஒரு கிண்ணம் பூட்டீனும், குகதாசன் அளந்து ஊற்றிய ஒரு கிளாஸ் விஸ்கியும் இலைக்குப் பக்கத்தில் வந்தன. விஸ்கியைப் பார்த்ததும் நோராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவரும் குடித்துவிட்டுத்தான் ஓட்டுவார். அவர் மட்டும் கடைசிவரை பிடிபடவே இல்லை" என்று என் காதில் சொன்னார்.

சாப்பாடு முடிந்ததும் கல்வெட்டு கொடுத்தார்கள். குகதாசன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஏழாம் பக்கம் வரை ஒருவரும் போகவில்லை. என் தடித்த எழுத்தையும் கட்டத்தையும் சீந்த ஆளில்லை. ஆனால் முதல் பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தால் அதைப் படிக்காமல் விட நம் சனத்தால் முடியாது. ஒட்டி மறைத்தது என்ன என்று நகத்தால் சுரண்டிப் பார்த்தவர்களும் உண்டு. ஐந்து நிமிடத்தில் கூடத்துத் தலைகள் எல்லாம் ஒரே பக்கம் திரும்பின. அங்கே நோரா ஒரு மடக்கு நாற்காலியில் தேநீரோடு உட்கார்ந்திருந்தார்.

முதலில் ஒரு அம்மா எழுந்து போனார். நோராவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கள் ஓட்டேல்லையாம், என்ன?" என்றார். பிறகு தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அதையே சொன்னார். நோரா இல்லை என்று தலையாட்டினார். அடுத்து ஒரு கணவன் மனைவி. அடுத்து இன்னொருவர், தெருவில் கோன் வைக்கிறவனைத் திட்டிவிட்டு, "ஓட்டினவள் பேந்து என்னவானாள்?" என்று கேட்டார். செத்தவீட்டில் துக்கம் விசாரிக்க வரிசையில் போவார்களே, அப்படிப் போனார்கள். அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்கும் நம் குணத்தை வாழ்நாளெல்லாம் திட்டியிருக்கிறேன். அன்றைக்கு அதற்கு ஒரு கும்பிடு போட்டேன். முன்பின் தெரியாத எண்பது பேர், ஒருவர் பின் ஒருவராக வந்து, நீ ஓட்டவில்லை, நீ ஓட்டவில்லை என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். முதல் பத்துப் பேருக்கு நோரா விளக்கம் சொன்னார். அதன்பிறகு விளக்குவதை விட்டுவிட்டு "ஆமாம்" என்று மட்டும் சொன்னார். பிறகு அழுதார்.

சாயங்காலம் தன் வண்டியில் பெட்டிகளை ஏற்றினார். தவமணி ஐஸ்கிரீம் டப்பாக்களில் சோறும் கறியும் வடையும் கட்டிக் கொடுத்து, மேலே ஒரு கல்வெட்டையும் வைத்தார். "போயிட்டு வாறன் எண்டு சொல்லவேணும் பிள்ளை, போறன் எண்டு சொல்லக்கூடாது" என்று பாடம் நடத்தினார். நோரா திருப்பிச் சொல்ல முயன்றார், வரவில்லை, தவமணியைக் கட்டிக்கொண்டார். வண்டி தெருமுனையில் கூம்புகளைச் சுற்றித் திரும்பும்வரை வாசலில் நின்றோம்.

உள்ளே வந்து கதவடியில் சப்பாத்து வைக்கும் தட்டைப் பார்த்த குகதாசன், "அண்ணை, கல்வெட்டை மறந்து விட்டிட்டுப் போட்டா" என்றார்.

எடுத்துப் பார்த்தேன். மறக்கவில்லை. முதல் பக்கத்துச் சீட்டைத் தண்ணீர் தொட்டு நனைத்து, கிழியாமல் உரித்து எடுத்துக்கொண்டு போயிருந்தார். வெண்டலின் சிரிப்புக்குக் கீழே ஒரு கட்டம் அளவுக்கு ஈரமும், இரண்டு சோற்றுப் பருக்கையும் மட்டும் இருந்தன. அந்தப் பிரதியைத்தான் நான் சென்னைக்கு எடுத்து வந்தேன்.